சட்டென்று அணைந்த விளக்கும் மெல்ல மங்கிய விளக்கும்

ஹாட்டிஷ் என்னும் நம் அடுப்புப் பண்டத்தில் ஏழு வகையையும் ஒரு கை பார்த்துவிட்டு எட்டாவது எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும் அவைத்தலைவர், கவுண்டி என்னும் நம் மாவட்டத்து வாரியத்தின் பெருந்தகை வெண்டெல் ஆஸ்ட்ரம் அவர்களே! எனக்கு மேலதிகாரியாகவும் என் வாய்க்கு அஞ்சுபவராகவும் ஒருங்கே விளங்கும் ஷெரிஃப் அவர்களே! உறைந்த ஏரியில் துளையிட்டு மீனுக்குக் காத்திருக்கும் தவத்தை இந்த ஒரு பகலுக்கு ஒத்திவைத்து வந்திருக்கும் பெரியோர்களே! பனியை வாரிக் கொட்டிய கையோடு பண்டமும் சமைத்துக் கொண்டுவந்த தாய்மார்களே! பின்வரிசையில் நின்று என்னைக் கேலி செய்யக் காத்திருக்கும் என் சக காவலர்களே! லூன்வுட் கவுண்டியின் காவலர்களுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சுடக் கற்றுக்கொடுத்துவரும் சார்ஜென்ட் லார்னா ஹாகன், உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

இந்த விருந்து முடிந்ததும் வாரியத்தார் கையுயர்த்தி முடிவு செய்யவிருப்பது என்ன? எங்கள் கைத்துப்பாக்கியின் குழலுக்குக் கீழே பூட்டியிருக்கும் சிறு விளக்குக்கு எந்த பேட்டரி? சார்ஜ் ஏற்றி ஏற்றிப் பயன்படுத்துவதா? பயன்படுத்தித் தூக்கி எறிவதா? சிரிக்காதீர்கள் அம்மா! கட்டைவிரல் அளவுள்ள அந்தப் பொருளுக்காக எங்கள் அலுவலகத்தில் நடந்த சண்டையைத் தேர்தல் காலத்தில்கூட நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தூக்கி எறியும் கட்சிக்கு நானே தலைவி. மாதத்தின் முதல் திங்கட்கிழமை பழைய ஜோடியைக் கழற்று, புதிய ஜோடியைப் போடு, கழற்றியதைக் காப்பி டப்பாவில் போடு. இதுதான் என் கொள்கை, என் கோட்டை, என் கொடி. எதிர்க்கட்சித் தலைவர் எம்மெட் ஸ்கோக்லண்ட். அதோ, காப்பிக் கூஜாவோடு நிற்கிறாரே, அவரேதான். வேலைக்கு வந்து மூன்றாண்டு, வாய்க்கு மட்டும் முப்பதாண்டு அனுபவம்.

"சார்ஜென்ட், பாதி உசுரோட இருக்கற பேட்டரிய மாசாமாசம் டப்பாவுல பொதைக்கறீங்களே, பாவம் இல்லையா?" என்பார்.

"ஒன்னோடது செல்போன் மாதிரி எம்மெட். அவசரத்துக்கு எடுத்தா செத்துக் கெடக்கும்" என்பேன்.

இப்படிப் பேசிப் பேசியே ஜனவரி வந்தது. பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது டிகிரி. பட்டப்பகல் இரண்டு மணி. ஏரிக்கரையில் கோடைக்கு மட்டும் திறக்கும் மரவீடு ஒன்றின் பூட்டு உடைக்கப்பட்டிருப்பதாகப் பக்கத்து வீட்டார் தொலைபேசியில் சொன்னார்கள். நானும் எம்மெட்டும் போனோம். கதவு பிளந்து கிடந்தது. உள்ளே நிலவறை, சன்னலே இல்லாத கும்மிருட்டு. கீழேயிருந்து புஸ் புஸ்ஸென்று ஒரு சத்தம். "போலீஸ்! கைய மேல தூக்கிட்டு வெளிய வாங்க!" மூன்று முறை கத்தினேன். புஸ் புஸ் மட்டும் நிற்கவில்லை.

இறங்கினோம். எம்மெட் முன்னால், நான் பின்னால். அவருடைய விளக்கு பளீரென்று எரிந்தது; சுவரில் ஆணித்தலை எண்ணலாம், அப்படி ஒரு வெளிச்சம். ஐந்தாவது படியில் அது அணைந்தது. மங்கவில்லை, மினுங்கவில்லை, முன்னறிவிப்பு ஏதும் தரவில்லை. அணைந்தேவிட்டது! அணைவதற்கு முந்தைய நொடியில் எம்மெட் கண்டது என்ன? கொதிகலனுக்குப் பின்னால் ஒரு மனிதர் திரும்புகிறார், அவர் கையில் பிடியும் விசையும் குழலுமாய் ஏதோ ஒன்று. கண்டது அவ்வளவுதான். அதற்குமேல் இருட்டு.

அந்த இருட்டில் ஒரு காவலன் என்ன செய்வான்? நீங்கள் என்ன செய்வீர்கள்?

என் விளக்கை அழுத்தினேன். அவையோரே, வெட்கத்தோடு சொல்கிறேன், நோயாளி விழிப்பதுபோல மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்தது. ஆனாலும் வந்தது! முகம் தெரிந்தது. நரைத்த தாடி தெரிந்தது. கையிலிருந்தது, குழாயைச் சுற்றியுள்ள விரிசலை அடைக்க நுரை பீய்ச்சும் கருவி என்பது தெரிந்தது.

"சுடாத எம்மெட்! நம்ம ஆர்வில்!"

ஆம், நம் ஆர்வில் நியெமிதான்! மூன்றாவது வரிசையில் இரண்டாவது துண்டு கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரே, அந்த ஆர்வில்! வீட்டுக்காரர் குழாயைப் பார்க்கச் சொல்லி அனுப்பிய சாவி தவறான சாவி; அதனால் பூட்டை உடைத்திருக்கிறார். மூடிக் கிடந்த வீட்டில் மின்சாரம் இல்லை; தடவித் தடவியே விரிசலை அடைத்திருக்கிறார். நான் கத்தியது ஏன் கேட்கவில்லை? காதில் மாட்டும் கருவிக்கு முதல் நாள் சார்ஜ் போட மறந்துவிட்டார். கையைத் தூக்கிக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா லார்னா, நுரை அடைக்கறதுக்குக்கூட இப்ப லைசன்ஸ் வேணுமா?"

சிரிக்கிறீர்கள். அன்று எம்மெட் சிரிக்கவில்லை. மறுநாள் காலை தன் பேட்ஜைக் கழற்றி என் மேசைமேல் வைத்தார். "விளக்கு அணைஞ்சப்ப என் விரல் விசைமேல போயிருச்சு சார்ஜென்ட். இன்னும் ஒரு நொடி, அவ்வளவுதான். இந்த வேலை எனக்கு வேணாம்."

யார் அங்கே என் கட்சிக்குக் கைதட்டுவது? அவசரப்படாதீர்கள்! எம்மெட்டின் பேட்டரி ஏன் செத்தது தெரியுமா? புதன்கிழமை பயிற்சியில் அதே பேட்டரியைப் போட்டு முக்கால்வாசி தீர்த்திருக்கிறார்; அந்த வகை, கடைசிச் சொட்டுவரை பளீரென்று எரிந்து சட்டென்று அணையும். பிறகு சார்ஜரில் வைத்திருக்கிறார். சரியாக உட்காரவில்லை. அந்த சார்ஜருக்கு ஒரு குணம் உண்டு: நிறைந்தாலும் பச்சை, பேட்டரி முனையைத் தொடாவிட்டாலும் பச்சை. பச்சையைப் பார்த்தார், நம்பினார், எடுத்து மாட்டினார்.

சரி, என் விளக்கு ஏன் மஞ்சளாக எரிந்தது? கோட்டை கட்டிக் கொடி ஏற்றிய இந்தத் தலைவி, முதல் திங்களன்று புதிய பெட்டியைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, காப்பி டப்பாவுக்குள் கைவிட்டுப் பழையதில் இரண்டை எடுத்துப் போட்டிருந்தாள்! பிறருக்கு உபதேசம், தனக்கு டப்பா! அந்தப் பழைய இரண்டையும் கழற்றி எம்மெட்டின் பேட்ஜுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நீ போனா நானும் போவணும் எம்மெட். எதுவும் ஆகாம போச்சுங்கறதால நான் யோக்கியம் இல்ல" என்று சொல்லி அழுதேன். ஷெரிஃப் அவர்களே, நீங்கள் கதவருகே நின்றதும் எனக்குத் தெரியும், நீங்களும் மூக்கைச் சிந்தியதும் தெரியும்.

அன்று இருவரும் உட்கார்ந்து ஒரு வழக்கம் வகுத்தோம். பயிற்சிக்கு சார்ஜ் பேட்டரி. ஆயிரம் முறை அழுத்து, மறுபடி ஏற்று, அதற்கு இணை இல்லை, எம்மெட் சொன்னது சரி. பணிக்குப் புதிய ஜோடி. குளிரிலும் கைவிடாது, செத்தாலும் சொல்லிவிட்டுச் சாகும், நான் சொன்னதும் சரி. எதையாவது தேடவேண்டுமென்றால் கையில் தனி டார்ச். துப்பாக்கியை நீட்டித் தேடக்கூடாது. ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரியது ஒன்று. ஒவ்வொரு முறை பணிக்குக் கிளம்பும்போதும் விளக்கைக் கழற்றி, அடுத்தவர் உள்ளங்கையில் வைத்து எரித்துக் காட்டவேண்டும். என் விளக்கை நான் சோதிப்பதில்லை, எம்மெட் சோதிப்பார். எம்மெட்டின் விளக்கை நான். ஐந்து வாரத்தில் இரண்டு செத்த விளக்குகளைப் பிடித்துவிட்டோம். அதில் ஒன்று... ஆமாம் ஆமாம், என்னுடையதுதான்! பின்வரிசை வாயை மூடட்டும்!

ஆகவே வாரியத்தாரே, எந்தக் கட்சிக்குக் கையுயர்த்துவது என்று தவிக்காதீர்கள். இந்த வழக்கத்துக்குக் கையுயர்த்துங்கள். அந்த விளக்கு எதற்கு? சுடுவதற்கா? சுடுவதற்கு வெளிச்சம் எதற்கு, இருட்டே போதும்! சுடாமல் இருப்பதற்குத்தான் வெளிச்சம் வேண்டும்! எதிரே நிற்பவர் பகைவர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் என்று பார்ப்பதற்குத்தான் வெளிச்சம் வேண்டும்! நிலவறைப் படியில் விசைமேல் போன விரலுக்கு, "பொறு, இவர் நம்மவர்" என்று சொல்வதற்குத்தான் வெளிச்சம் வேண்டும்!

ஆர்வில் தன் கருவிக்கு ஆரஞ்சு வண்ணம் பூசிவிட்டார். எம்மெட் தன் பேட்ஜை மறுபடி குத்திக்கொண்டார். நான் டப்பாவைக் கொண்டுவந்திருக்கிறேன், இதோ, காலி. விருந்து முடிந்ததும் இதில் காப்பி மட்டுமே இருக்கும்.

என்ன ஆர்வில்? "சத்தமா பேசு, ஒண்ணும் கேக்கல" என்கிறீர்களா? மறுபடியும் சார்ஜ் போடவில்லையா! இருங்கள், நான் கத்தத் தேவையில்லை போலிருக்கிறது. அவையோரே, அங்கே பாருங்கள். எம்மெட் கூஜாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் தோளில் கைபோட்டுக் குனிந்து, நான் இதுவரை பேசியதையெல்லாம் அவர் காதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் சொல்லி முடிக்கட்டும். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.