பஞ்சுப் பொதிக்கு நடுவே

— காப்பி ஆறுதும்மா. குடி.

— முதல்ல சொல்லுண்ணே, இது 'ஃப்ளோரெட்டா'தானே? வில்மிங்டன் துறையில இதுக்கு எத்தனை பொதி சுமந்திருக்கேன்! இதுல எப்படி வடக்கத்திக் கொடி?

— இந்தச் சண்டையில வடக்கத்திக் கடற்படை தெற்குத் துறைமுகங்களை முற்றுகை போட்டிருக்குல்ல, போன வருஷம் அதைத் தாண்டி ஓடுறப்போ பிடிச்சிருச்சு. பேரை மாத்தி, பீரங்கி ஏத்தி, இப்ப மத்த கப்பல்களைத் துரத்த விட்டிருக்காங்க. இந்த வேகம் வேற எந்தக் கப்பலுக்கு வரும்?

— நீ எங்க ஊர்ப் பேச்சுல்ல பேசுற?

— நானும் வில்மிங்டன் அடிமைதான். இதுல கரி தள்ளிக்கிட்டிருந்தேன். கப்பல் பிடிபட்டுச்சு, எனக்கு விடுதலை. அதே உலை, அதே கரி. முதுகுல சவுக்கு மட்டும் இல்ல. உன் பேரு?

— டார்கஸ்.

— இன்னிக்கு நாங்க பிடிச்ச அந்தக் கப்பல்ல பொம்பளைங்க ரெண்டு பேரு எப்படிம்மா வந்தீங்க?

— பஞ்சுப் பொதிக்கு நடுவுல ஒளிஞ்சோம். கிளம்பும்போது புகை போட்டானுங்க, ஒளிஞ்சவங்க இருமிக்கிட்டு வெளிய வரட்டும்னு. இந்தா, துணிக்கடியில கெடக்குறாளே, இவதான் தன் பாவாடையைக் கிழிச்சு என் வாயைப் பொத்தினா. முன்னப்பின்ன தெரியாதவ, அண்ணே.

— விடிஞ்சதும் நாங்க துரத்தினோமே, அப்ப?

— குண்டுச் சத்தத்துக்கு நான் அழுவுறேன், இவ சிரிக்கிறா! 'வடக்கத்திக் கப்பல்டி, பிடிச்சா நமக்கு விடுதலைடி, வா ராசா, வெரசா வா'ன்னு கப்பல் சுவரைத் தட்டுறா. அடுத்த குண்டு அந்தச் சுவத்துலயே...

— அழுதுரும்மா. அடக்காத.

— வேற ஒருத்தனைக் கட்டிக்கோன்னு எசமான் நெருக்கினானாம். அதான் ஓடி வந்திருக்கா. கப்பல் வேலைக்குப் போன புருஷன் திரும்பல, கடல்லயே செத்துட்டான்னு ஊரே சொல்லுச்சாம். இவ மட்டும் நம்பல. வடக்கத்திக்காரங்ககிட்ட சிக்கி உசுரோட இருப்பான், வடக்க போயி அவனைத் தேடப்போறேன்னா.

— அவ பேரு?

— வீனி. அவன் பேரு இஷம்னு சொன்னா... என்னண்ணே, இப்படி உக்காந்துட்ட? அண்ணே! இவளைக் கடல்ல இறக்க ஆளுங்க வர்றாங்க, பாரு.

— செத்த நேரம் நிக்கச் சொல்லும்மா. அந்தத் துணியை விலக்கு. நான் உசுரோட இருக்கேன்னு அவகிட்ட சொல்லணும்.