மூன்றாம் அறையின் பெயர்ச்சீட்டு

வெள்ளையில் பதினோரு வகை இருக்கிறது என்று சொன்னால் பெரும்பாலானோர் சிரிப்பார்கள், ஐயா. கலைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தால் உங்களுக்கும் தெரிந்துவிடும். ஒவ்வொரு கண்காட்சிக்கும் தடுப்புச் சுவர்களைப் பெயர்த்து வேறு இடத்தில் நிறுத்துவோம், வேறு வெள்ளை பூசுவோம். போன மாதம் நடைபாதையாக இருந்தது இந்த மாதம் இருட்டறையாகிவிடும். மூன்றாம் அறை மட்டும் மாறாது. அதன் காவலாள் நான். படைப்புகளுக்குப் பக்கத்தில் ஒட்டும் பெயர்ச்சீட்டுகளையும் நான்தான் கையால் எழுதுவேன். அது எங்கள் கூடத்தின் வழக்கம்.

அந்தச் சீட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. ஒருமுறை பெயின்டர் ஏணியை நடுக்கூடத்தில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். யாரும் தடுக்கி விழக்கூடாதே என்று சுற்றிக் கயிறு கட்டினேன். விளையாட்டாக ஒரு சீட்டும் வைத்தேன். அவன் திரும்பி வந்தபோது ஏணியைத் தொடவே சனங்கள் விடவில்லை. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சுவர்களைப் பெயர்த்து நிறுத்தும் தச்சன் என் தங்கையின் கணவன். வேலையில்லாமல் சுற்றியவனை நான்தான் கொண்டுவந்து சேர்த்தேன். ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை என்று சொல்லமாட்டேன். செத்தவனைப் பழிக்கக் கூடாது. ஆனால் மூன்றாம் அறைச் சுவரையும் எடுத்துவிட்டால் ஒரே கூடமாகிவிடும், இரண்டு கேமரா போதும், ஆளே வேண்டாம் என்று இயக்குநர் அம்மாளுக்குப் படம் போட்டு அனுப்பியவன் அவன்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மச்சான். எத்தனை நாளைக்குத்தான் அந்த மூலையில உக்காந்திருப்பீங்க? வீட்ல நிம்மதியா இருங்க" என்றான்.

என் வீட்டில் ஒருவரும் இல்லை. அந்த அறையில்தான் நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை, சுவரை அளக்க ஏணியில் ஏறினான். மேலிருந்து மல்லாக்க விழுந்தான். நான் தள்ளவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். முதுகெலும்பு போயிருக்க வேண்டும். வலது கை மட்டும் அசைந்தது. வாய் திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. போன் செய்யத்தான் எழுந்தேன். அதற்குள் வாசல் திறந்து முதல் கூட்டம் உள்ளே வரும் சத்தம் கேட்டது. கயிற்றைக் கட்டினேன். பிறகு உட்கார்ந்து சீட்டு எழுதினேன். 'இடமாற்றம். மனிதன், ஏணி, மரத்தூள். தொடாதீர்கள்.' மை காயும்வரை ஊதிவிட்டு ஒட்டினேன்.

நல்ல கூட்டம். ஒருத்தி மட்டும் கயிற்றருகே வெகுநேரம் நின்றாள்.

"நான் நர்ஸுங்க. இவருக்கு நெஜமாவே அடிபட்ட மாதிரி இருக்கே?"

"எல்லாரும் அப்படித்தாம்மா கேக்கறாங்க."

சீட்டைப் படித்தாள். வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

மதியம் இயக்குநர் அம்மாள் விருந்தாளிகளோடு வந்தார். ஏழு வருடமாகத் தினமும் அவனைக் கடந்து போகிறவர், முகத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

"யாரு ஏற்பாடு பண்ணினது இது? பிரமாதம். இந்த அறையை இடிக்க வேணாம், இப்படியே இருக்கட்டும்" என்றார்.

அறை தப்பிவிட்டது. அதற்குப் பிறகாவது போன் செய்திருக்கலாமே என்கிறீர்கள். கூட்டம் குறையவில்லை, ஐயா. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்வையை எடுக்கவில்லை. காவலாள் கண்ணை எடுக்கக் கூடாது.

நாலரை மணிக்குக் கை நின்றது. சிலர் கைதட்டினார்கள். எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, கயிற்றை அவிழ்த்துவிட்டு, உங்களுக்குப் போன் செய்தேன்.

விழுந்ததும் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. பிழைப்பான் என்று எனக்கும் தெரியும், தெரிந்துதான் சீட்டு எழுதினேன்.

ஆனால் தங்கைக்கு மட்டும் புரியவைக்க முடியவில்லை. "அண்ணா, அவரு பக்கத்துல யாருமே இல்லையா?" என்று கேட்டுக் கேட்டு அழுகிறாள். இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவர்கூட ஒன்றும் செய்யவில்லை. நான் ஒருவன் மட்டும் என்ன செய்திருக்க முடியும்?