சுப்பம்மாள் கட்டில்

— மெதுவா, மெதுவா. ஒரே மூச்சுல குடிச்சா திரும்பவும் வாந்திதான் வரும். கப்பல்ல நாலு நாள் எடுத்தது போதாதா உனக்கு?

— தாகம் அடங்கலக்கா. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.

— ஊத்துறேன் பாபா. இந்த விசாலாட்சி டியூட்டில இருக்கும்போது இந்தக் கட்சால் தீவு ஆஸ்பத்திரில தண்ணி கேட்டுக் கிடைக்காம யாரும் கெடந்ததில்ல. இந்தா, ரெண்டு கையாலயும் பிடி. இது சாதாரணச் செம்பு இல்ல, மாலூம், தெரியுமா?

— செம்பு செம்புதானேக்கா.

— அரே! அப்படிச் சொல்லாதே. நீ படுத்திருக்கியே இந்தக் கட்டில், இது இந்தச் செம்புலேருந்துதான் வந்துச்சு.

— செம்புலேருந்து கட்டிலா?

— ஹாங். தங்கையா அண்ணேன்னு ஒருத்தர். உங்க ஆளுதான், சிலோன்லேருந்து வந்தவர், இங்க ரப்பர் வெட்டுறார். வெட்டு முடிஞ்சதும் இந்தச் செம்பைத் தூக்கிக்கிட்டு தோட்டக்காரங்க குடியிருக்கிற லயம் லயமாப் போவார். வாசல்ல நின்னு, "என் சம்சாரம் ஆஸ்பத்திரித் தரையில கெடந்து, தண்ணி தண்ணின்னு கேட்டே செத்தா. இது அவளுக்குத் தண்ணி எடுக்கப் போன செம்பு. நான் திரும்பி வர்றதுக்குள்ள உசிரு போயிடுச்சு. இன்னொருத்தி தரையில கெடக்கக் கூடாது, நம்ம ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டில் வாங்கிப் போடணும்"னு சொல்லுவார். சொல்லும்போதே அழுதுருவார். கேக்குறவங்களும் அழுதுருவாங்க.

— எல்லாரும் குடுத்தாங்களா?

— குடுக்காம? வங்காளிக் கடைக்காரர் இருக்காரே, தீப்பெட்டிக்குக்கூடப் பாக்கி வெக்க விடமாட்டார், அவரே அஞ்சு ரூபா போட்டார். நிக்கோபாரிங்க ஒரு தோணி நெறையத் தேங்கா கொண்டாந்து இறக்கினாங்க, கூட ஒரு பன்னிக்குட்டி வேற. அண்ணன் அந்தப் பன்னிக்குட்டியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஜெட்டில நின்னு ஏலம் விட்டாரு பாரு, சிரிக்கிறதா அழுவுறதா தெரியல. கட்டில் வர்ற வரைக்கும் தாடி எடுக்கமாட்டேன்னு வேண்டுதல் வேற. மெட்ராஸ்லேருந்து வந்து இறங்கினப்ப யாரையும் தொட விடல. ஜெட்டிலேருந்து இங்க வரைக்கும் ஒத்தை ஆளாத் தலையில சுமந்து வந்தார்.

— கால்மாட்டுல என்னமோ எழுதியிருக்கே, அது என்னாக்கா? எனக்குப் படிக்க வராது.

— எனக்கு மனப்பாடம். "அமரர் சுப்பம்மாள் நினைவாக. உபயம்: கணவர் தங்கையா மற்றும் ஊர் மக்கள்." அட, ஆமா! உன் பேரும் சுப்பம்மாள்தானே! காலையில ரிஜிஸ்டர்ல எழுதினேனே, அப்ப தோணல பாரு. ஊரே இதைச் சுப்பம்மாள் கட்டில்னுதான் சொல்லும். இதுல பிறந்த மூணு பொண்ணுக்கு சுப்பம்மாள்னு பேரு வெச்சிருக்காங்க. அதுல ஒண்ணு ராஞ்சிக்காரங்க புள்ள. அவங்க வாயில அந்தப் பேரு படுற பாடு, கேட்டா நீ எழுந்து ஓடிருவே.

— அமரர்னா என்னாக்கா?

— செத்தவங்களை மரியாதையாச் சொல்றது. பேருக்கு முன்னாடி போடுவாங்க.

— சரிதான்.

— ஏன் செம்பைத் தடவித் தடவிப் பார்க்குறே?

— அடியில ஒரு நெளிசல் இருக்கும்னு… இருக்கு. கையில தட்டுப்படுது.

— பழைய செம்பு, நெளியாம என்ன செய்யும். சரி, ஜல்தி சொல்லு, உன் புருஷன் பேரு என்ன? ரிஜிஸ்டர்ல அந்த எடம் காலியாக் கெடக்கு.

— சொல்லக் கூடாதுக்கா.

— அரே பாபா, நீயுமா! கழுத்துல தாலி இருக்கு, வாயில பேரு இல்ல. கப்பல்ல வந்து இறங்குற பொம்பளைங்க எல்லாம் இதே கதைதான். பேரைச் சொன்னா அந்த ஆளுக்கு ஆயுசா கொறைஞ்சிரும்?

— கொறையும்னுதான் எங்கம்மா சொல்லிக் குடுத்துச்சு. கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம், ஒரு தடவை சொன்னதில்ல. கனவுலகூடச் சொன்னதில்ல.

— அச்சா, இருக்கட்டும். டாக்டர் சாப் திட்டினா நான் வாங்கிக்கிறேன். அந்தா, பேச்சுக்கேத்த மாதிரி அண்ணனே வர்றார்! கட்டில் வந்தப்புறம் செம்பை இங்கயே வெச்சுட்டார், ஞாயித்துக்கிழமைன்னா எடுக்க வந்துருவார். இப்ப ரெண்டாவது கட்டிலுக்கு வசூல் நடக்குது, திரும்பவும் அதே தாடி வேண்டுதல். வாங்கண்ணே, வாங்க! உங்க கட்டில்ல புது ஆள். நேத்துக் கப்பல்ல வந்துச்சு. பேரைச் சொன்னா அழுதுருவீங்க.

— அது வந்து… நான் பொறகு வர்றேன் விசாலாட்சி.

— அட, எங்க ஓடுறீங்க? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? காலையில ஒண்ணும் சாப்பிடலையா? இந்த ஸ்டூல்ல உக்காருங்க. நான் அந்தப் பக்கம் ரெண்டு பேருக்கு மருந்து குடுத்துட்டு வந்துர்றேன், அதுவரைக்கும் இவளைப் பார்த்துக்கங்க. சுப்பம்மா, அந்தக் கதைய அண்ணன் வாயால கேளு. நான் சொன்னதெல்லாம் ஒண்ணுமேயில்ல.

— உக்காருங்க. அந்தக்கா போயிடுச்சு.

— சுப்பு…

— தாடி உங்களுக்கு நல்லா இல்ல.

— நீ… எப்படிப் புள்ள… நான் உன்னை…

— செத்துட்டேன்னு நெனச்சீங்களா?

— இல்ல.

— அதையாவது நெசமாச் சொன்னீங்களே.

— சுப்பு, மெதுவாப் பேசு. வார்டுல ஆளுங்க இருக்காங்க.

— மெதுவாத்தான் பேசுறேன். சத்தம் போட எனக்குத் தெம்பில்ல. அன்னைக்கும் கேம்பு ஆஸ்பத்திரித் தரையில இப்படித்தான் கெடந்தேன். காய்ச்சல் நெருப்பாக் கொதிச்சுது. தண்ணின்னு கேட்டேன். இதோ எடுத்தாறேன்னு எங்கப்பா சீர் குடுத்த செம்பைத் தூக்கிக்கிட்டுப் போனீங்க. குழாய் என்ன, இருவது எட்டு இருக்குமா?

— அது வந்து… குழாய்க்குப் பக்கத்துலதான் லாரி நின்னுச்சு புள்ள. கட்சாலுக்குப் பேரு குடுத்தவங்க எல்லாம் ஏறியாச்சு. கிளார்க்கு தங்கையா தங்கையான்னு கத்துறான். இப்ப ஏறலேன்னா பேரை வெட்டிருவேன், அடுத்த கப்பல் எப்பன்னு எனக்கே தெரியாதுங்குறான். ஒரு வருஷம் கேம்புல வேலையத்துக் கெடந்தோமே, உனக்குத் தெரியாதா? செம்பு கையில இருக்கு, பாதி நெறஞ்சிருக்கு. போய்ச் சேந்த ஒடனே உன்னைக் கூப்பிட்டுக்கலாம்னு ஏறிட்டேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.

— அந்தப் பாதித் தண்ணிய என்ன பண்ணினீங்க?

— லாரில… நானே குடிச்சுட்டேன்.

— சரிதான்.

— கப்பல்ல கேட்டாங்க, சம்சாரம் எங்கன்னு. காய்ச்சல்ல கெடந்தவளை விட்டுட்டு வந்தேன்னு சொல்ல நாக்கு எழும்பல. செத்துட்டான்னுட்டேன். சொன்னதுமே எல்லாரும் சுத்தி உக்காந்து அழுவுறாங்க. ஒரு கெழவி தன் கஞ்சிய எனக்கு ஊத்துது. அந்த மூஞ்சிகளைப் பார்த்து, நான் சொன்னது பொய்யின்னு எப்படிப் புள்ள சொல்றது?

— பொறகு ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே.

— எனக்கு எழுத வருமா? கங்காணியார்கிட்டதான் சொல்லி எழுதணும். செத்தவளுக்கா கடுதாசின்னு கேப்பாரே.

— அதுவும் நியாயந்தான். செத்தவளுக்குக் கட்டில் வாங்குறவரு, கடுதாசியா போடுவாரு.

— குத்திக் காட்டாதே புள்ள. நான் இருக்குற இருப்பு உனக்குத் தெரியாது. ஊரு என்னைக் கண்டா கும்பிடுது. கும்பிடுறப்பல்லாம் உடம்பு கூசுது. செம்பை நீட்டுறப்ப தலையக் குனிஞ்சுக்கிறேன், அதையும் துக்கம்னு நெனச்சு கூட ஒரு ரூபா போடுறாங்க. வெக்கமா இருக்கு சுப்பு. சோறு எறங்கல எனக்கு.

— அழுவீங்களாமே, அந்தக்கா சொல்லுச்சு.

— அது பொய் அழுவை இல்ல.

— அது எனக்குத் தெரியும். எனக்கும் அப்பல்லாம் அழுவை நெசமாத்தான் வந்துச்சு. மூணு வருஷம். யாரு வீட்டுக் குழாய்ல தண்ணி விழுந்தாலும் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். பக்கத்துப் பாயில கெடந்தவங்கதான் தகர டப்பாவுல எனக்குத் தண்ணி ஊத்தினாங்க. என் புருஷன் வந்துருவாரு, குழாய்ல கூட்டமா இருக்கும்னு அவங்களுக்குச் சமாதானம் சொன்னவ நான்.

— என்னை மன்னிச்சிரு.

— அதை விடுங்க. நான் சண்டை போட வரல. கட்சால்ல இருக்கீங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. கேம்புல இருந்த நாகமுத்து வீட்டாளுங்க இங்க வர்றாங்கன்னு தெரிஞ்சு, அவங்க காலைப் பிடிச்சுக்கிட்டுக் கப்பல் ஏறினேன். எனக்கு அந்தக் கரையில யாரும் இல்ல, இந்தக் கரையிலயும் உங்களை விட்டா யாரும் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்தக்கா வந்ததும், "இவ என் சம்சாரம், உசிரோட இருக்கா"ன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்ததையெல்லாம் நான் இந்த மண்ணுலயே போட்டு மூடிர்றேன்.

— சொல்றேன். சத்தியமாச் சொல்றேன். ஆனா… இன்னைக்கே சொல்லணுமா?

— ஏன், இன்னைக்கு நாள் நல்லால்லையா?

— புதுசா வந்தவங்க லயத்துக்கு இன்னைக்குத்தான் மொத மொதப் போறேன். ரெண்டாவது கட்டிலுக்குப் பாதிதான் சேந்திருக்கு. விஷயம் தெரிஞ்சா காறித் துப்புவாங்க புள்ள. குடுத்தவங்க திருப்பிக் கேப்பாங்க. கட்டில் வராமப் போயிரும். போன வாரம் ஒரு புள்ளத்தாச்சி அந்த மூலையில பாயில கெடந்தா, நீ கெடந்த மாதிரியே. என்னால அந்தப் பக்கம் திரும்ப முடியல.

— தரையோட குளிர் எனக்குத் தெரியாதா? கட்டில் வரட்டும், நான் வேணாங்கல. நெசத்தைச் சொல்லிக் கேளுங்களேன்.

— என்னன்னு சொல்லிக் கேக்குறது?

— "பொண்டாட்டியத் தரையில போட்டுட்டு ஓடியாந்தவன் நான். அந்த வெக்கந்தான் என்னை வீடு வீடா நடக்க வெக்குது, போடுங்க தாயி"ன்னு கேளுங்க. நானும் கூட வர்றேன். செம்பை ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கிறேன். ரெண்டு பேரும் சேந்து நின்னா யாரு இல்லைன்னு சொல்லிருவாங்க?

— நீ கூட வருவியா?

— நடக்க முடிஞ்சதும் வர்றேன். துப்புனாங்கன்னா என் மேலயும் கொஞ்சம் படட்டும்.

— நீ பெரிய மனசுக்காரி சுப்பு. சொல்லிர்றேன். அவ வரட்டும், ஒடனே சொல்லிர்றேன். சத்தியமா.

— சத்தியம் வேணாம். சும்மா சொன்னாப் போதும்.

— என்ன அண்ணே, கதையச் சொன்னீங்களா? அரே, இவ கண்ணுல ஒரு சொட்டைக் காணோம்! நீங்கதான் அழுதிருக்கீங்க போல. சுப்பம்மா, உனக்குக் கல்லு மனசா?

— இல்லக்கா. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருக்கு.

— தூரத்துலேருந்து பார்த்தேன், ரொம்பப் பழகினவங்க மாதிரி ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசிக்கிட்டிருந்தீங்க. தெரிஞ்சவங்களாண்ணே?

— அது வந்து…

— அக்கா கேக்குதுல்ல, சொல்லுங்க.

— அது வந்து விசாலாட்சி… இவங்க… சிலோன்ல எங்க தோட்டத்துப் பக்கமோன்னு விசாரிச்சுக்கிட்டிருந்தேன். இல்லையாம். வேற தோட்டமாம்.

— அச்சா. நான்கூட என்னமோன்னு நெனச்சேன்.

— எனக்கு நேரமாச்சு. அந்தச் செம்பைக் குடுத்தா நான் கெளம்புவேன்.

— சுப்பம்மா, செம்பை விடு. அண்ணன் லயத்துக்குப் போகணும். ஏன் இப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கே?

— இதுல ஒரு வாய் தண்ணி மிச்சம் இருக்குக்கா. குடிச்சுட்டுத் தர்றேன்… ம்ம். இந்தாங்கய்யா, உங்க செம்பு.

— வாங்கிக்கங்கண்ணே. சரி சுப்பம்மா, டாக்டர் சாப் ரிஜிஸ்டரைத் தூக்கி என் கையிலயே குடுத்துட்டார், காலி எடம் இருக்கக் கூடாதாம். உன் வாயால சொல்லமாட்டே. அண்ணன் காதுல மெதுவாச் சொல்லு, அவர் எனக்குச் சொல்லட்டும்.

— வேணாங்கக்கா. அவருக்கு எதுக்குச் சிரமம். நானே சொல்றேன்.

— அரே! பேரைச் சொன்னா ஆயுசு கொறையும்னியே?

— இனிமே கொறையுறதுக்கு ஒண்ணுமில்லக்கா. எழுதிக்கங்க. தங்கையா.

— தங்கையாவா? கேட்டீங்களா அண்ணே, உங்க பேரேதான்! என்னடி இது, உன் பேரும் கட்டில்ல இருக்கு, உன் புருஷன் பேரும் கட்டில்ல இருக்கு!

— பேரு ஒண்ணுதான், ஆளு வேறக்கா. கட்டில்ல எனக்குப் போட்டிருக்கிற மாதிரியே, அவரு பேருக்கு முன்னாடியும் அமரர்னு போட்டுக்கங்க.