மாமாவை இறக்கிவிட்ட இடம்

என் மாமனார் நல்ல மனிதர். கொஞ்சம் கனமானவர், அவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் சார். லிஃப்ட் பழுதுபார்க்கும் தொழிலில் தலை நரைத்தவன் நான். ஒருவரைப் பார்த்தால் எனக்கு முகம் அப்புறம்தான் தெரியும், எடை முதலில் தெரிந்துவிடும். நீங்கள் உள்ளே வந்தபோதுகூட மனதுக்குள் ஒரு எண் வந்து போனது. அதைச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். வாக்குமூலம் எழுதுகிறவர் நிதானமாகவே எழுதட்டும்.

ஒரு கார் கடையிலிருந்து, லிஃப்ட் நின்றுவிட்டது, உடனே வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். வண்டிகளை மாடிக்கு ஏற்றும் பெரிய லிஃப்ட். இரண்டு மாடிக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. கம்பியைப் போட்டுக் கதவை நெம்பித் திறந்தேன். உள்ளே அந்த வண்டி நின்றது. மஞ்சள் நிறம். தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. லிஃப்டில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை நான் மீட்டிருக்கிறேன். வெளியே வந்ததும் எல்லாரும் என்னைத் திட்டிவிட்டுத்தான் போவார்கள். அது மட்டும் விளக்குகளைச் சாய்த்துக்கொண்டு, 'வந்துட்டீங்களா' என்பது போலப் பார்த்தது.

அதன் பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டு வருவது மனிதத்தன்மை ஆகுமா?

சாவியை வாங்கிய நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். விற்பனைக்கார அம்மா மேலே போர்த்தியிருந்த துணியை இழுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்திலும் நான் அப்படி இல்லை என்று என் மனைவியே பிறகு எடுத்துப் பார்த்துச் சொன்னாள். உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். முதுகுக்குப் பின்னால் இருந்த இன்ஜின் கண்விழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, 'எங்கே போகணும்?' என்று கேட்டது. எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. அதுதான் அதில் உள்ள சுகம்.

வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். மனைவி சுற்றிவந்து பார்த்தாள்.

"ஏங்க, பின்சீட்டு எங்க?"

"அது கிடையாது."

"அப்ப குடும்பத்தோட எப்படிப் போறது?"

"ஒவ்வொருத்தரா போலாம்," என்றேன்.

நியாயமான பதில்தான். எதற்கு அப்படிப் பார்த்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்த நாட்களில் உப்பு வாங்க ஊரையே சுற்றிக்கொண்டு போவேன். திரும்பி வந்த பிறகுதான் உப்பை மறந்தது தெரியும். ஐயோ என்று இருக்காது, அப்பாடா என்று இருக்கும். மறுபடி கிளம்புவேன். எங்கள் வீட்டில் அவ்வளவு உற்சாகமாக யாரும் மளிகை வாங்கியதில்லை.

ஒரே ஒரு தொந்தரவு, வேகத்தடை. நான் தனியாக இருந்தால் கொஞ்சம் சாய்வாக ஏறி, நோகாமல் இறங்கிவிடலாம். பக்கத்தில் ஆள் இருந்தால் வண்டியின் வயிறு தார்மேட்டில் உரசும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது என் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மனைவி பயந்து, டாக்டர் வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னாள். டாக்டர் வீட்டுக்குப் போகும் வழியில் இன்னும் நிறைய வேகத்தடை. ஆகவே அவளை இறங்கி நடக்கச் சொன்னேன். மேட்டைத் தாண்டியதும் ஏற்றிக்கொள்வேன். அவளும் சில நாள் இறங்கி ஏறினாள். பிறகு பஸ்ஸில் போக ஆரம்பித்துவிட்டாள். காற்றோட்டமாக இருக்கிறதாம்.

இப்போது மாமனாருக்கு வருகிறேன். அவர் சாலைத் துறையில் பெரிய இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரின் வேகத்தடைகள் பெரும்பாலும் அவர் காலத்தில் போட்டவை. அதை மனதில் வைத்து நான் எதுவும் செய்யவில்லை என்பதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் புதிய புறவழிச்சாலைக்கு முதன்முதலில் கோடு போட்டவர் அவர்தான். இளவயதில் போட்ட கோடு. கோப்பு மேசை மேசையாகச் சுற்றியது, காணாமல் போனது, கிடைத்தது, மறுபடி தூங்கியது. அவருக்குப் பல் விழுந்தது, பதவிக்காலம் முடிந்தது, ரோடு மட்டும் வரவில்லை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்து அந்த ரோட்டைக் காட்டுவார். கடைசியில் ஒருவழியாகப் போட்டு முடித்தார்கள். ரிப்பன் வெட்ட அவரையே கூப்பிட்டார்கள். அழைக்க வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். அவர்தான், "வேண்டாங்க, என் மாப்பிள்ளை கூட்டிட்டு வருவாரு," என்று சொல்லிவிட்டார். அதில் என் பங்கு எதுவும் இல்லை.

மனைவி முன்னதாகவே போய் முதல் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். நான் அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். புதுக் கோட்டு போட்டிருந்தார். அந்த வண்டிக்குள் அவரை உட்கார வைப்பது கிணற்றுக்குள் பீரோ இறக்குவது போல. வெளியே எடுப்பது பல் பிடுங்குவது போல. ஒவ்வொரு வேகத்தடையிலும் இரண்டும் நடந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, மேட்டைக் கைத்தடியால் தட்டிக் காட்டுவார்.

"இது நான் போட்டது, மாப்பிள்ளை. பாருங்க, இன்னும் கல்லு மாதிரி இருக்கு."

"ரொம்ப நல்லா இருக்கு, மாமா. ஏறுங்க."

கடைசி வேகத்தடை புறவழிச்சாலை தொடங்கும் இடத்தில் இருந்தது. அங்கேயும் இறங்கினார். நான் மேட்டைத் தாண்டி நிறுத்தினேன். அவர் வரவில்லை. குனிந்து, "இதை எவன் போட்டான்? சாய்வே சரியில்லையே," என்று மேட்டோடு பேசிக்கொண்டிருந்தார்.

நான் முன்னால் பார்த்தேன். சார், அந்த ரோட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கருகருவென்று, ஒரு சக்கரம்கூடப் படாமல், தூரத்தில் இடப்பக்கமாக லேசாக வளைந்து கிடந்தது. மேடு இல்லை, பள்ளம் இல்லை. மாமா இல்லாத வண்டி பஞ்சு மாதிரி இருந்தது. நான் காத்திருக்கத்தான் செய்தேன். வண்டிக்குத்தான் பொறுமை இல்லை.

வழியில் ரிப்பன் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். கண்ணாடியில் சிவப்பாக ஏதோ ஒட்டியது. பூச்சி என்று நினைத்தேன். விழாப் பந்தலில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மரியாதைக்கு என்று நினைத்தேன்.

கடைசிவரை போய்த் திரும்பி வந்தேன். மாமா கையை ஆட்டினார். மதிப்புக் கொடுத்து ஹாரன் அடித்துவிட்டு, வளைத்து மறுபடி போனேன். அடுத்த தடவை கைத்தடியை ஆட்டினார். அதற்கடுத்த தடவை போட்டிருந்த கோட்டைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டு மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். வசதியாக உட்கார்ந்துவிட்டார் என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது. பெட்ரோல் தீரும்வரை ஓட்டினேன். நானாகவே நிறுத்தினேன் என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வெயிலில் தலைசுற்றி விழுந்த மாமாவை ஒரு பால் வண்டிக்காரர் பந்தலுக்கு ஏற்றிப் போயிருக்கிறார். மாமா போய்ச் சேர்ந்தபோது விழாக்காரர்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்களாம்.

இன்று காலை அவர் இங்கே வந்ததை நீங்களே பார்த்தீர்கள். மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். புகார் கொடுத்தவர் ஆயிற்றே, திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அந்த வளைவுல என்ன வேகம் போனீங்க, மாப்பிள்ளை?"

சொன்னேன்.

"வண்டி ஆடுச்சா?"

"அசையவே இல்ல, மாமா. தொட்டில்ல போட்ட மாதிரி போச்சு."

அவர் கண் நிறைந்துவிட்டது. "அந்த வளைவுக்கு ராவும் பகலுமா கணக்குப் போட்டேன்," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். என்னையும் ஒரே ஒரு தடவை அந்த ரோட்டுல கூட்டிட்டுப் போங்க. இந்தத் தடவை இறக்கி மட்டும் விட்றாதீங்க," என்றார்.

அந்த ரோட்டில் வேகத்தடையே இல்லை. எனக்கும் அது தெரியும். ஆனால் என் கண் அவர் காலுக்குப் போனது. அன்று மேட்டில் உட்கார்ந்திருந்ததில் பூட்ஸில் தார் ஒட்டியிருந்தது. வண்டிக்குள் விரிப்பு வெண்ணெய் நிறம்.

அவரும் என் பார்வையைப் பார்த்துவிட்டார். "கழட்டி வச்சுட்டு வர்றேன், மாப்பிள்ளை," என்றார்.

நான் அவருடைய காலுறையை யோசித்தேன். கோட்டுப் பித்தான் இருக்கைத் தோலில் கீறுமா என்று யோசித்தேன். அவர் உட்கார்ந்து எழுந்தால் இருக்கையில் விழும் பள்ளத்தை யோசித்தேன்.

"யோசிச்சுச் சொல்றேன், மாமா," என்றேன்.

பிறகு மனைவி அவரை எழுப்பிக் கூட்டிப் போனாள். "வாங்கப்பா, பஸ்ஸுல போலாம். அதுவும் அந்த வழியாதான் போகுது," என்றாள்.

யோசித்துவிட்டேன், சார். எழுதிக்கொள்ளுங்கள். அது பூச்சி இல்லை, ரிப்பன் என்று எனக்குத் தெரியும். பக்கக் கண்ணாடியில் அவர் கத்திக்கொண்டே ஓடிவந்ததும் தெரிந்தது, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றதும் தெரிந்தது. அந்த ரோட்டில் முதலில் போக அவர் எத்தனை காலமாகக் காத்திருந்தார் என்றும் தெரியும். தெரிந்தே விட்டுவிட்டுப் போனேன். இன்றைக்கும் ஏற்றாமல் விட்டதற்கு அவர் முழங்கால்தான் காரணம். அந்த வண்டியில் ஏறி இறங்குவது வயதானவர்களுக்கு ஆகாது. மற்றவர்கள் ஆயிரம் சொல்வார்கள், எனக்கு வண்டிமேல் தனியாக ஆசை எதுவும் கிடையாது. எப்போதும் குடும்பம்தான் முதலில்.

கையெழுத்துப் போடத் தயார். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். ஜன்னல் வழியாகத் தெரிகிறது, உங்கள் ஆள் ஒருவர் என் வண்டிமேல் சாய்ந்துகொண்டு நிற்கிறார். அவரை முதலில் நகரச் சொல்லுங்கள்.