இத்தாலி மணியில் வந்த நட்சத்திரம்

“ஹலோ... ஹலோ, ஆண்ட்டியா? நான் பெர்சிஸ் பேசறேன் ஆண்ட்டி, அஜீஸு ஃப்ரெண்டு... ஆமா, ஆமா, அந்த பெர்சிஸ்தான். மத்தியானம் வெயில்ல நிக்க வெச்ச பெர்சிஸ்தான்... ஸாரி ஆண்ட்டி. நோன்போட நிக்க வெச்சது தப்புதான்... ஆண்ட்டி, அவளக் கொஞ்சம் கூப்பிடுங்களேன், அர்ஜென்ட்டு... மொட்டை மாடியிலயா? எல்லாருமேவா? ஐயோ ஆண்ட்டி, அதுதான் எனக்கு வேணும்! கார்ட்லெஸ்தானே, அப்படியே எடுத்துட்டு மேல போங்க!”

பெர்சிஸ் பேசியது, ஆம்பூர் புறவழிச் சாலையில் இருந்த ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதி அலுவலகத்திலிருந்து. அவளுடைய அப்பா மோசஸ் அங்கே வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பவர். வேலை நேரம் முடிந்தபின் அந்த அலுவலகத்தின் கணினியும் இணையமும் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவருக்கு வாய்த்தன. பெர்சிஸும் அவள் தோழி அஜீஸுன்னிசாவும் இரண்டு வாரம் அதன்முன் அமர்ந்து, பூமியைச் சுற்றிவரும் விண்வெளி நிலையத்தைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தார்கள். அது ஆம்பூர் வானத்தைக் கடக்கும் நேரத்தையும் ஓர் இணையதளத்தில் கண்டுபிடித்து, அறிவியல் ஆசிரியை ஜெயசீலியிடம் பெருமையோடு அறிவித்தார்கள். அன்று பிற்பகல் ஒன்று ஐம்பத்தைந்துக்கு ஒன்பது ‘பி’ முழுவதும் மைதானத்தில் நின்று அண்ணாந்து பார்த்தது. கடந்து போனவை இரண்டு பருந்துகள். ஜெயசீலி மிஸ் குடையை மடக்கினார். வேலூர் அறிவியல் கண்காட்சிக்கு ‘ஏ’ பிரிவின் தோல் தொழிற்சாலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மாதிரி வடிவமே போகும் என்றும், பெயரை இன்றிரவே எழுதிவிடப் போவதாகவும் சொன்னார். ஆண்டுதோறும் போவதும் அதுவே.

“அஜீஸு! ... ஏய், திட்டாத. அப்புறமா திட்டு... ஒத்துக்கறேன்டி, பருந்துதான்... இப்ப கேளு. நாம தப்பா எழுதல. கம்ப்யூட்டரே அப்படித்தான் சொல்லிச்சு... இல்ல, அதுவும் தப்பில்ல. இத்தாலிக்கு அது கரெக்ட்டு... இத்தாலிடி! நம்ம ஷூ வாங்கறாங்களே, அந்த இத்தாலி... பைத்தியமெல்லாம் இல்ல. இரு, மூச்சு விட்டுக்கறேன்.”

விட்டுக்கொண்டாள். ஏற்றுமதிக் கம்பெனிகளில், சரக்கு வாங்குபவரின் ஊர் நேரத்தில் ஒரு கடிகாரம் ஓடுவது வழக்கம். மோசஸ் சுவரில் இன்னோர் ஆணி அடிக்க மனமின்றிக் கணினியின் கடிகாரத்தையே இத்தாலிக்கு மாற்றி வைத்திருந்தார். அங்கே ஆள் இருக்கையில் இருக்கிறாரா, சாப்பிடப் போய்விட்டாரா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இணையதளமோ, தன்னைத் திறந்த கணினியின் கடிகாரத்தை நம்பி நேரம் சொல்லும் வகை. மாலையில் அழுத முகத்தோடு வந்து அமர்ந்த மகள், ஜன்னலுக்கு வெளியே இருட்டுவதையும் திரையின் மூலையில் பிற்பகல் ஒன்றே முக்கால் ஆகப் போவதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அலறினாள். மோசஸின் தேநீர் கவிழ்ந்தது.

“நாலரை மணி வித்தியாசம்டி! கூட்டிப் பாரு... ஆறு இருபத்தஞ்சு! இன்னைக்கி, இப்போ! இன்னும் பத்து நிமிஷம்கூட இல்ல... பகல்ல எப்படித் தெரியும்னு நான் யோசிச்சிருக்கணும்தான். நீ மட்டும் யோசிச்சியா? ... நமக்கு இருட்டிடும், அவ்ளோ உசரத்துல இன்னும் வெயில் அடிக்கும், அதுலதான் பளபளன்னு தெரியும். நாமதானே படிச்சோம்! ... தென்மேற்குல. பிறை பாக்கற பக்கம்தான்! யாரையும் கூப்பிடவே வேணாம்டி, ஊரே மாடியில ரெடியா நிக்குது!”

அன்று இருபத்தொன்பதாவது நோன்பு. பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. மேற்கு வானத்தை இத்தனை பேர் இத்தனை கவனமாகப் பார்க்கும் மாலை ஆண்டில் வேறில்லை. வரவேண்டியவர் ஒருவர்தான் வந்திருக்கவில்லை.

“மிஸ் எங்க? ... கீழயே இருக்காங்களா? பேப்பர் திருத்தறாங்களா? ஏய், உங்க வீட்லதானே குடியிருக்காங்க, போய்க் கதவத் தட்டுடி... பயமா? எனக்குந்தான் பயம். நான் வந்து தட்டணும்னா பஸ் புடிக்கணும், நீ படி எறங்கினா போதும்... வேலூர் போவணுமா வேணாமா? ... அப்போ ஓடு! போனோட ஓடு!”

மோசஸ் ஃபேக்ஸ் எந்திரத்தைக் காட்டினார். பிறகு தொலைபேசியைக் காட்டினார். பிறகு ஒற்றை விரலை உயர்த்தினார். அலுவலகத்துக்கு இருந்தது ஒரே இணைப்பு, இத்தாலியிலிருந்து ஃபேக்ஸ் வரவேண்டியதும் அதில்தான் என்பது அதன் பொருள்.

“டாடி, ரெண்டே நிமிஷம்! இத்தாலிக்காரன் இந்நேரம் சாப்பிடப் போய்ட்டிருப்பான்!”

மோசஸ் திரையைப் பார்த்தார். வாதம் சரியாகவே இருந்தது.

“அஜீஸு? இன்னா சொல்றாங்க? ... முடியாதாமா? போனை அவங்ககிட்ட குடு... குடுடி! ... மிஸ், குட் ஈவ்னிங் மிஸ்... ஆமா மிஸ்... ஆமா மிஸ்... தெரியும் மிஸ், ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் போய்டுச்சு... விளையாடல மிஸ்... ஒரே ஒரு தடவ மேல வாங்க மிஸ். ஒண்ணும் தெரியலன்னா நானே ‘ஏ’ செக்‌ஷனுக்குப் போய் அந்தக் கழிவுநீருக்கு பக்கெட் தூக்கறேன்... மெய்யாலுமே மிஸ்... நாத்தம் பரவால்ல மிஸ்... மிஸ், சிரிச்சீங்க! எனக்குக் கேட்டுச்சு!”

படியேறும் ஓசை ரிசீவரில் கேட்டது. பெர்சிஸ் தானும் இருந்த இடத்திலேயே இரண்டு முறை குதித்தாள்.

“வந்துட்டீங்களா மிஸ்? ஏலகிரி மலை இருக்கற பக்கம் பாருங்க... பிளேன் இல்ல மிஸ். பிளேன்னா சிவப்பு லைட்டு விட்டு விட்டு எரியும். இது அணையாம, சத்தம் போடாம, நேரா வரும்... நானூறு கிலோமீட்டர்தான் மிஸ். படுக்கப் போட்டா மதுரை, நிக்க வெச்சா அது... உள்ள ஆளுங்க இருக்காங்க மிஸ்! வேர்வை, மூச்சுக்காத்து ஈரம், எல்லாத்தையும் புடிச்சு சுத்தம் பண்ணி அதையே குடிக்கிறாங்க... ஆமா மிஸ், அங்கயும் அதே கதைதான். ‘ஏ’ செக்‌ஷன்கிட்ட சொல்லிடாதீங்க!”

அப்போது ரிசீவருக்குள் பெருங்கூச்சல் எழுந்தது.

“என்னது? தெரியுதா மிஸ்? தெரியுதா? ... ஓ. பிறையா... சந்தோஷம் மிஸ். எல்லாருக்கும் ஈத் முபாரக் சொல்லுங்க... எறங்கறாங்களா? எல்லாருமா? மிஸ், நீங்க எறங்கிடாதீங்க! அஜீஸு, அவங்களப் புடி! கையப் புடிச்சுக்கோ! ஒரே நிமிஷம்டி!”

பிறை தெரிந்தபின் மாடியில் யாருக்கும் வேலை இல்லை. அரிசி களைய வேண்டும்; கடைத்தெருவுக்குப் போக வேண்டும்; தையற்காரரை மிரட்ட வேண்டும். வரிசையாகச் செருப்புகள் இறங்கும் ஓசையைப் பெர்சிஸ் கேட்டாள். திரையின் மூலையில் ஒன்று ஐம்பத்தைந்து ஆயிற்று. இத்தாலியில் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

“மிஸ்? ... ஹலோ? ... ஏன் யாருமே பேச மாட்டேன்றீங்க? ... அஜீஸு? எங்க? பிறைக்குப் பக்கத்துலயா? ... மேல ஏறுதா? ... அணையலயே? விட்டு விட்டு எரியலயே? ... ஐயோ! ஐயோ கர்த்தரே! டாடி, வந்துடுச்சு! டாடி, வந்துடுச்சு! ... இன்னாது, எறங்கினவங்கல்லாம் திரும்ப ஏறி வர்றாங்களா? ... உங்கப்பாவா? ஆபித் பாஷா அங்கிளா டாட்டா காட்றாரு? ... காட்டட்டும்டி! உள்ள ஆள் இருக்காங்க இல்ல, காட்டட்டும்!”

அவள் சிரித்த சிரிப்பில் மோசஸ் எழுந்துவிட்டார். ஃபேக்ஸ் எந்திரத்தை மறந்து, பின்கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்குப் போனார்.

“மிஸ்... சொல்லுங்க மிஸ்... ஆமா மிஸ்... எங்க பேரா? எங்க ரெண்டு பேர் பேருமா? இன்னைக்கேவா? ... தேங்க்ஸ் மிஸ், தேங்க்ஸ் மிஸ், தேங்க்ஸ்... நானா? ... இல்ல மிஸ். நான் பாக்கல... ஆபீஸ் உள்ள இருக்கேன் மிஸ், ஜன்னல் வேற பக்கம். நான் வெளிய போய்ட்டா உங்ககிட்ட யார் பேசறது?”

சொன்ன பிறகே அது அவளுக்கு உறைத்தது. இரண்டு வாரம் அதைத் தேடியவள் அவள். அதைப் பார்க்காமல் நிற்பவளும் அவள்.

“இப்போ எங்க மிஸ் இருக்கு? ... உச்சியத் தாண்டிடுச்சா? குடியாத்தம் பக்கமா? அப்போ நம்ம கம்பெனிக்கு மேல... மிஸ், நான்... வெச்சிட—”

வைக்கவில்லை. ரிசீவர் மேசை விளிம்பிலிருந்து சுருள் கம்பியில் தொங்கி ஆடியது. மறுமுனையில் மாடி முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, திறந்த பின்கதவுக்கு அப்பாலிருந்து, வெகு தொலைவில், அவள் குரல் வந்தது.

“எங்க டாடி? எங்க? ... அதோ! அதோ! அதோ!”

அதன் பிறகே ஜெயசீலி மிஸ் போனை வைத்தார்.