ஒருத்தர் பேருக்குத்தான்

— இத்தா நேத்து அஸர் தொழுகையோட முடிஞ்சுது மச்சான். அவர் போனதுல இருந்து நாலு மாசம் பத்து நாள் நான் வாசல் தாண்டல. இன்னிக்கு விடிஞ்சதும் ஃபைலும் கையுமா வந்து நிக்கறீங்க.

— நான் என்ன செய்யட்டும் லதீஃபா? ஃபினான்ஸ்காரன் இத்தா பாப்பானா? பள்ளுருத்தில என் வீட்டு வாசல்ல வந்து நாலாள் கேக்கச் சத்தம் போட்டுட்டுப் போறான். உன் மாப்பிள்ளை எடுத்த கடன், கேட்டியா?

— என் மாப்பிள்ளை மட்டுமா எடுத்தார்? பிக்கப் வாங்கறப்போ அண்ணன் தம்பி ரெண்டு பேரும்தானே கடன் பேப்பர்ல ஒப்பு போட்டீங்க?

— போட்டேன். இல்லைங்கல. ஆனா வண்டிய ஓட்டினது தம்பி அல்தாஃப். பஜார்ல அரிசி மூட்டை ஏத்தினது அல்தாஃப். எனக்கு ஸ்டியரிங் வளையம் பிடிக்கத் தெரியுமா?

— தெரியாது. வாடகைல பாதி வாங்கத் தெரிஞ்சுது.

— நாக்கு நீளுது உனக்கு. நாப்பது வயசு, தலைவலின்னு ஒரு நாள் படுக்காதவன், மூட்டை இறக்கிட்டு நெஞ்சைப் பிடிச்சு உக்காருவான்னு நான் கண்டேனா? வண்டிய வித்தாலும் பாதிக் கடன் நிக்கும், கேட்டியா? இந்தா, இதுல ஒரு ஒப்பு போடு. இந்த வீட்டுல அவன் பங்கை என் பேருக்கு மாத்திக் குடு. மிச்சத் தவணை பூரா நான் அடைக்கறேன்.

— நானும் என் மக ஹாதியாவும் எங்க போறது?

— பாலக்காட்டுல உங்க அத்தா வீடு இருக்கே.

— அத்தா இருக்கார். வீடு தம்பி பொண்டாட்டி வீடு.

— அது உங்க குடும்ப விஷயம். செத்தவன் சொத்துல இருந்து கடனை எடுக்கலாம்னு வக்கீல் சேவியர் சொல்லிட்டார்.

— உயிரோட இருக்கிற ஒப்புக்காரன்கிட்ட முழுசும் கேக்கலாம்னு சொல்லலையா?

— சாயாவைக் குடு, ஆறுது.

— அவரை அடக்கற அன்னிக்கு, மய்யித்துத் தொழுகைக்கு முன்னாடி பள்ளிவாசல் மைக்ல நீங்க பேசினது இந்த ரூம் வரைக்கும் கேட்டுது மச்சான். ‘என் தம்பிக்குக் கடன் குடுத்தவங்க யாரா இருந்தாலும் என்கிட்ட வாங்க, நான் பொறுப்பு’ன்னீங்க. அதைக் கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துது.

— அது எல்லா மய்யித்துக்கும் சொல்றது. சாயாக்கடைப் பாக்கிக்குச் சொல்றது. அஞ்சு லட்சத்துக்கு யாராவது மைக்ல பொறுப்பு எடுப்பானா?

— அல்லாவும் கேட்டுட்டுத்தானே இருந்தான்?

— அல்லாவை இழுக்காதே! தப்பு யார் மேல? கடன் எடுக்கறப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கடனுக்கு இன்ஷுரன்ஸ் போடுடா, போடுடான்னு. கேட்டானா? பிசுக்கன்! அஞ்சாயிரம் ரூபா மிச்சம் பிடிச்சான், என்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போனான். போட்டிருந்தா அவன் மௌத்தான அன்னிக்கே கடன் தீர்ந்திருக்கும்.

— போட்டிருந்தார்.

— என்ன?

— இன்ஷுரன்ஸ் போட்டிருந்தார். என் கம்மலை அடகு வச்சு. பேப்பர் அலமாரில இருந்துது. ஹாதியாதான் வாசிச்சா, ஆபீசுக்கு ஃபோன் பண்ணியும் கேட்டா. நீங்களும் அதுல ஒப்பு போட்டிருக்கீங்க, என்னன்னு பாக்காம.

— யா ரப்பே! பைத்தியக்காரி, இத்தனை மாசமா வாயை மூடிட்டா இருந்தே? எடு அந்தப் பேப்பரை. இப்பவே போய்ப் பணத்துக்கு எழுதிக் குடுக்கறேன். நீ வீட்டுலயே இரு, யார் உன்னை எறக்கப் போறா?

— பணம் வராது மச்சான். ரெண்டு பேருக்கும் போடக் காசு எட்டல. ஒருத்தர் பேருக்குத்தான் போட்டார்.

— ஒருத்தர்னா... அவன் பேருக்கு இல்லையா?

— நானும் அன்னிக்கு அவர்கிட்ட கேட்டேன், ‘உங்க பேருக்குப் போடக்கூடாதா’ன்னு. ‘எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். அண்ணனுக்குச் சுகரு. அவர் மக ஃபிதாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பிள்ளை தலைல கடன் விழக்கூடாது’ன்னார். நீங்க மௌத்தானாத்தான் அந்தக் கடன் தீரும். பேனாவைக் குடுங்க மச்சான், எங்க ஒப்பு போடணும்?