படத்தைக் காட்டச் சொன்னேனுங்க

இல்லீங்க, அபராதத்துக்குப் பயந்துக்கிட்டு நான் கேஸ் நடத்தலீங்க. நீங்க சன்னலோரமா தள்ளி உக்காருங்க. ஏற்காடு போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரமாவும், இந்தாளு ஓட்டுற லட்சணத்துக்கு அதுக்கு மேலயும் ஆவும்.

எம் பேரு மாதப்பனுங்க. எஸ்டேட்டுல ஜீப்பு ஓட்டுறேன், பதினாலு வருசமா. அடிவாரத்துக்குக் கீழ, நேர் ரோட்டுல, போன ஐப்பசியில ஒரு பொட்டியக் கொண்டாந்து வெச்சாங்க பாருங்க. கேமராவாமா. வேகத்தையும் அளக்குமாமா, படமும் புடிக்குமாமா. அதுக்கு ஆறு போலீசு காவலு. அந்த இன்ஸ்பெக்டருக்கு அதுல முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னே தெரியாதுங்க, ஆனா மீசைய மட்டும் முறுக்கிக்கிட்டு நிப்பாரு.

ரெண்டு வாரங்கழிச்சு எஸ்டேட்டுக்குக் காயிதம் வந்துது, உங்க ஜீப்பு வேகமாப் போச்சுன்னு. எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரு படிச்சுட்டுச் சிரிச்சாரு. மொதலாளியம்மாளுக்குக் குலுங்குனா ஆவாதுங்க, அதனால நான் உருட்டிக்கிட்டே ஓட்டிப் பழகுனவன், மலைக்கே தெரியும். காசைக் கட்டிட்டு வேலையப் பாருன்னாரு. நான் படத்தைப் பாக்கோணும்னேன்.

ஸ்டேசனுக்குப் போனா, படம் பாக்கறதுக்கு இதென்ன சினிமாக் கொட்டாயான்னு கேட்டாரு இன்ஸ்பெக்டரு. பெரிய சிரிப்பாணியப் பேசிட்ட மாதிரி ஏட்டைத் திரும்பிப் பாத்தாரு, அவனும் சிரிச்சு வெச்சான். ஏனுங்க, என்னையப் புடிச்ச படத்தை நான் பாக்கக் கூடாதுன்னா அப்பறம் ஆரு பாக்கறதுக்குங்க அது?

கோர்ட்டுக்குப் போனேன். நாலு வாய்தா. ஒருக்கா, படம் கழுவப் போயிருக்குதுன்னாங்க. இன்னொருக்கா, பீரோ சாவி வெச்சிருக்கற ஏட்டு லீவுல போயிட்டான்னாங்க. அப்பறம், அதெல்லாம் வெளிய காட்டறதில்லைன்னாங்க. நடு ரோட்டுல போன ஜீப்பு ரகசியமுங்களா? எனக்கு வாச்ச வக்கீலு அதுக்கும் மேல. ஒத்துக்கிட்டா அஞ்சு நிமிசத்துல ஊட்டுக்குப் போயிரலாம்னு கோட்டுப் பொத்தானத் திருகிக்கிட்டே நின்னாரு. கடைசியில நானே எந்திரிச்சு, ஐயா, குத்தஞ் சொல்றவங்க சாட்சியக் காட்டட்டும், பாத்துட்டுப் பதில் சொல்றேன்னேன். ஜட்ஜய்யா கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு, அவன் கேக்கறது நாயந்தானேன்னாரு.

இன்னிக்குத்தான் கொண்டாந்தாங்க. ஜீப்பு நம்பரு தெளிவாத் தெரியுது. அடியில தேதி, மணி பதினொன்னு பத்து, வேகம் எழுபத்தாறு. நாப்பதுக்கு மேல போவக் கூடாத ரோடுங்க. இப்ப என்ன சொல்றேன்னு ஜட்ஜய்யா கேட்டாரு. ஓட்டுனது நாந்தானுங்க, ஒத்துக்கறேன், எனக்கு இதுல ஒரு படம் வேணுமுங்கன்னேன். கோர்ட்டே சிரிச்சுது. இதுக்காடா இத்தன நாளு என்னைய இழுத்தடிச்சேன்னு வெளிய வந்து இன்ஸ்பெக்டரு பல்லைக் கடிச்சாரு. அந்த மூஞ்சிக்கெல்லாம் காரணஞ் சொல்லோணுமுங்களா?

ஆமாங்க, குடுத்தாங்க. சட்டப் பையிலதான் இருக்குது.

இல்லீங்க, எஸ்டேட்டுக்குப் போவல. தலைச்சோலைக்குப் போறேன், மாமியா ஊட்டுக்கு. அன்னிக்கு ஜீப்புல பின்னால படுத்திருந்தது அவங்க மவ பாவாயிங்க, எம் பொண்டாட்டி. ஏழாம் மாசம், ரத்தம் போவ ஆரம்பிச்சிருச்சு. துணைக்கு ஆளு தேட நேரமில்லாம நான் ஒருத்தனே தூக்கிப் போட்டுக்கிட்டுக் கெளம்புனேன். ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கறப்ப உசுரு இல்லீங்க.

எழவுக்கு வந்த சனம் முன்னாடி மாமியா சொன்னாங்க, வண்டிக்கு நோவும்னு பாத்துப் பாத்து ஓட்டி எம் புள்ளையக் கொன்னுட்டான்னு. அதுக்கப்பறம் எங்கூடப் பேச்சில்ல.

மலையில மெதுவாத்தானுங்க வந்தேன், பொய் சொல்லல. இருவது வளைவுங்க. ஒவ்வொண்ணு திரும்பறப்பவும் கத்துனா. நேர் ரோட்டுக்கு வந்ததும் சத்தம் நின்னு போச்சு. அப்பத்தான் மிதிச்சேன்.

மாமியாளுக்குப் படிக்கத் தெரியாதுங்க. எண்ணு தெரியும்.